அழைப்புப் பாட்டு

ஆழ்கடல் நிலையம். ஜூலை 3, காலை 7.10

இன்று கிளாட்வின் அண்ணனிடம் சொல்லாதது: பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது. காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும் என்பது விதி. மேலே கப்பலிலிருந்து அவர், "வேற குறை ஒண்ணும் இல்லியே, தங்கச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

காற்றுச் சுத்திகரிப்பு சீர். வெளியே தண்ணீரில் உள்ள ஒலிவாங்கிகள் சீர். மீன்கூட்டங்களின் சத்தத்தைப் பதிவு செய்வது என் வேலை. பம்பு, விசிறி போன்ற நிலையத்தின் சொந்தச் சத்தங்களை வடிப்பான் தானே பழகிக்கொண்டு நீக்கிவிடும். உடனிருந்த வசுமதி காதுவலியால் மேலே போனதிலிருந்து தனியாக இருக்கிறேன்.

ஜூலை 5, பகல் 1.30

பாட்டு, 'ஈரமணல்' குழுவின் கடைசித் தொகுப்பில் உள்ளது. "யாரும் ஏறாத படகு யாருக்கோ காத்திருக்கு" என்று தொடங்கும். முடிவில் கிடார் அடங்கிய பிறகு, பாடகி அடுத்த வரிக்காக மூச்சை இழுக்கிறாள். ஆனால் பாடுவதில்லை. என்ன சொல்ல வந்தாள்? அதற்காகவே மறுபடி மறுபடி ஓடவிடுகிறேன். கொண்டுவந்த நாவல்களைப் பிரிக்கவே இல்லை. காதுக்குள் கேட்டால் போதவில்லை, சுவர்களிலிருந்து வர வேண்டும்.

கீழே இறங்குகிற ஒவ்வொருவரும் ஓர் அழைப்புப் பாட்டைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். மின்சாரமும் பேச்சும் கப்பலிலிருந்து வரும் கேபிள் அறுந்தால், கப்பல் அந்தப் பாட்டைத் தண்ணீருக்குள் ஒலிக்கவிடும். தண்ணீரில் பேச்சு குழம்பினாலும் பழகிய பாட்டு காதுக்குத் தப்பாது. நான் கொடுத்ததும் இதைத்தான். அன்று கிளாட்வின் அண்ணன், "ஏம்மா, இந்த ஒப்பாரியப் போட்டா நீ மேல வருவியா, இல்ல நாங்க கீழ வரணுமா?" என்றார்.

ஜூலை 8, காலை 9.05

கேபிள் அறுந்துவிட்டது. நங்கூரம் ஏதாவது இழுத்திருக்கலாம். பேட்டரி ஐந்து நாள் தாங்கும். அதுவரை விசிறி ஓடும், மூச்சு விடலாம்.

பதில் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வெடி இருக்கிறது. பாட்டு கேட்டதும் அதை வெடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் என்னை மேலே ஏற்றிச்செல்லும் மீட்புக் கூண்டை இறக்குவார்கள். உள்ளிருந்து பூட்டைத் திறக்க உயிரோடு ஆள் இல்லாமல் கூண்டு பொருந்தாது. கப்பல் தலைக்கு மேல் இல்லாதபோது வெடித்தால் வீண்.

என் பாட்டை நிறுத்திவிட்டேன். அழைப்பு வந்தால் கேட்க வேண்டுமே.

ஜூலை 10, மாலை 4.00

இறால்களின் படபடப்பு. தூரத்தில் ஏதோ திமிங்கலம். பாட்டு இல்லை. இரண்டு நாளாக ஹெட்போனைக் கழற்றவில்லை, காது எரிகிறது.

ஜூலை 11, மாலை 6.20

வரவில்லை. கிளாட்வின் அண்ணன் அப்படி விடுகிற ஆள் இல்லை. விட்டிருந்தால்? மூடிய நாவல்கள் எதிரே இருக்கின்றன. குளிர். அந்தப் பாட்டை ஒரே ஒரு முறை கேட்டால் போதும் என்றிருக்கிறது. போடவில்லை. போடக் கூடாது.

ஜூலை 12, பகல் 12.40

வடிப்பான் நீக்கியவற்றின் கோப்பைத் திறந்தேன். பம்பு ஏதாவது நின்றிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

பம்பு. விசிறி. அப்புறம் என் பாட்டு.

ஜூலை 8க்கு முந்தையது என்று நினைத்தேன். இல்லை. ஒன்பதாம் தேதி, பத்தாம் தேதி, பதினொன்று. வெளியிலிருந்து. மேலிருந்து. நான் அத்தனை நாள் ஸ்பீக்கரில் ஓடவிட்டதால் வடிப்பான் அதையும் நிலையத்தின் இரைச்சலாகப் பழகிக்கொண்டது. ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் சேர்த்தே வெட்டியிருக்கிறது.

அந்த இடைவெளியில், அவள் மூச்சை இழுத்த பிறகு, குழம்பிய குரல். அவர்தான்.

"எம்மா, கேக்கியா? வெடிச்சிரு தாயி. ஒரே ஒரு வெடி."

"தங்கச்சி, எனக்கே இந்தப் பாட்டு மனப்பாடம் ஆயிட்டு. மேல வந்து பாரு, நானே பாடுதேன். நீ காதப் பொத்திக்கிடுவ."

"ஏம்மா, புயல் வருது. கப்பலத் திருப்பச் சொல்லுதாவ. பதில் இல்லன்னா ஆள் இல்லன்னுதான் அர்த்தம்னு சொல்லுதாவ. நான் இல்லங்கேன். இன்னொரு வாட்டி போடுதேன்."

அப்புறம் பாட்டு முழுதாக. படகு, கிடார், மூச்சு.

"சரிம்மா."

அது இன்று காலை 10.15.

12.55

வடிப்பானை நிறுத்திவிட்டேன். இப்போது எல்லாம் கேட்கிறது. விசிறி, பம்பு, இறால், என் மூச்சு. கப்பலின் எஞ்சின் எங்கேயும் இல்லை.

இருந்தும் வெடித்தேன்.

மாலை 3.30

பதில் வரவில்லை. பாட்டைப் போட்டிருக்கிறேன். ஸ்பீக்கரில். கண்டெடுக்கிறவர்களுக்கு: முதலில் வடிப்பானை நிறுத்துங்கள். கிளாட்வின் அண்ணனிடம் இந்தப் பதிவைக் காட்ட வேண்டாம். அவர் கேட்டால் ஒன்றும் கேட்கவில்லையாம் என்று

ஜூலை 13, காலை 6.10

விசிறி நின்றுவிட்டது.