கலியாணவீட்டில் பாடிய அண்ணைக்கு

அண்ணை,

தோர்ன்டன் ஹீத்தில் ஒரு தமிழ்க் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். கடைக்குள் உங்கள் பாட்டு ஓடத் தொடங்கியது. கையில் இருந்த காயை அப்படியே வைத்துவிட்டு நின்றுவிட்டேன். கல்லாவில் இருந்த பிள்ளை, "அன்ரி, யூ ஓகே?" என்றது. அதற்கு உங்களை யாரென்று தெரியாது. கிழமை முழுக்கப் பெற்றோல் ஸ்டேசனில் நின்றுவிட்டு, சனிக்கிழமையில் மினுங்குகிற சட்டையோடு லண்டன் தமிழ்ச் சனத்தை ஆட்டிவைத்த ஒரு பொப்பிசைப் பாடகர் இருந்தார் என்று சொன்னாலும் நம்பியிராது.

எண்பதுகளில் எங்களுக்கு வேறு என்ன இருந்தது? அகதியாக வந்து, ஒரே அறையில் நாலைந்து பேர் படுத்து, விசா முடிவு எப்போது வரும் என்று ஏங்கிக் கிடந்த சனம், உங்கள் கொங்கோ மேளத்தின் அடி கேட்டால் கதிரையை ஒதுக்கிவிட்டு எழும்பிவிடும். யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தால் விடமாட்டீர்கள். "கை சும்மாதானே கிடக்கு, தட்டுங்கோவன்!" என்று மைக்கிலேயே வம்புக்கு இழுப்பீர்கள்.

என் கலியாணத்துக்கும் உங்களைத்தான் கேட்டிருந்தோம். குரோய்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். தாலி கட்டி முடிந்து சாப்பாடும் தொடங்கிவிட்டது. நீங்கள் மைக்கைப் பிடிக்க, பெரியப்பா வந்து வயரைக் கழற்றிவிட்டார். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அப்போது சில மாதங்கள். இருக்கிறானா, இல்லையா என்று ஒரு சேதியும் இல்லை.

"பொடியன்ரை நிலைமை தெரியாது. இஞ்சை உங்களுக்குப் பொப்பிசை கேக்குதோ?" என்றார் பெரியப்பா.

"ஓம் ஐயா, நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்று கொங்கோவை உறைக்குள் வைக்கத் தொடங்கினீர்கள். மண்டபம் அடங்கிப்போனது. மணவறையில் இருந்த எனக்கு அழுகை முட்டியது. செத்தவீட்டில்தான் சனம் அப்படிப் பேசாமல் இருக்கும்.

அம்மாவுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே உங்களிடம் வந்தார்.

"ஏன் மோனை மூட்டை கட்டுறாய்? என்ரை பிள்ளை செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னது? செத்தவீட்டிலைதான் பாட்டு இல்லை. இது கலியாணவீடு. நீ பாடு."

நீங்கள் பெரியப்பாவைப் பார்த்தீர்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு வயரைத் தானே கொழுவிவிட்டார். உங்களுக்கு முதல் வரி சரியாக வரவில்லை. அம்மாதான் முதலில் கை தட்டினார். தாளத்துக்கும் அவர் தட்டினதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்களோ அம்மாவின் பிழையான தாளத்துக்கே இழுத்து இழுத்துப் பாடினீர்கள். அதற்காகவே உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அண்ணை.

பிறகு அம்மாவைக் கண்டவர்கள் எல்லாரும் "ஏதும் சேதி தெரியுமோ?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பஸ் தரிப்பில் கண்டாலும் அந்தப் பாட்டை முணுமுணுத்துக் காட்டுவீர்கள். "போ மோனை, பகிடி விடாதை" என்று அம்மா சிரிப்பார். அந்தக் காலத்தில் அவர் சிரித்து நான் கண்டது அப்போது மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் தேவாரம் படித்தார்கள். வாசலில் யாரோ உங்கள் நினைவாகக் காருக்குள் உங்கள் கசற்றைப் போட, அம்மா போய் நிறுத்தச் சொன்னார்.

"இவன் போயிட்டான். இண்டைக்கு அழத்தான் வேணும்" என்றார். அழுதார். பெற்ற பிள்ளைக்கு அழாத அழுகையையும் சேர்த்து உங்களுக்கு அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மாவும் இப்போது இல்லை. தம்பியைப் பற்றி இன்றுவரை சேதி இல்லை. அவனுடைய பிறந்தநாளில் வீட்டில் உங்கள் பாட்டுப் போடுவேன். சத்தமாகத்தான் போடுவேன். சாமியறைச் சுவரில் உங்கள் படத்துக்கும் அம்மாவின் படத்துக்கும் மாலை போட்டிருக்கிறேன். தம்பியின் படம் முன் அறையில், பிள்ளைகளின் படங்களோடு இருக்கிறது. அதற்கு இன்னும் போடவில்லை, அண்ணை.