தண்ணி குளிருதோ?

வல்வெட்டித்துறை
12.05.2024

அன்பு மகள் தாரிகாவுக்கு,

என் முழங்கால் நோவைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். போனில் உன் முகத்தைக் கண்டால் எனக்குச் சண்டை பிடிக்க வராது. அதனால் கப்பலில் இருந்த காலம்போல எழுதுகிறேன்.

உன் தம்பி சுதன் இப்போது விடிய எழும்பித் தானே சீப்பெடுத்துத் தலை இழுத்துக்கொண்டு வாசல் படலையடியில் நிற்கிறான். எட்டு மணிக்கு நிலையத்து வான் வண்டி வர வேண்டும். பிந்தினால் என்னைப் பேசுவான், ஏதோ நான்தான் வானை ஒளித்து வைத்ததுபோல. மாற்றுத்திறனாளிகளுக்கான அந்தப் பகல் நிலையத்தில் அவனைச் சேர்க்கும்படி போன வருடம் நீ சொன்னபோது, "பெத்த பிள்ளையைப் பாக்க ஏலாமல் அனுப்பிப்போட்டினம் எண்டு ஊர் கதைக்கும்" என்று துள்ளினேன். இருபத்திரண்டு வருடம் வீட்டுக்குள் வைத்துப் பார்த்ததில் அவன் கண்டது சுவரும் ரீவியும்தான். அந்த வானுக்கு டீசல் அடிக்க மாதாமாதம் அனுப்புகிறாயே, அதற்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், வைத்துக்கொள்.

கலியாண மண்டபம் சரி. வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்குக் கூட்டிப்போகத் தோழன் யார் என்று ஐயர் கேட்டார். பெண்ணின் தம்பி நிற்பதுதான் வழமை. எனக்கு யோசனையாக இருக்கிறது. உன் எண்ணத்தை எழுது.

அன்புடன்,
அப்பா


லண்டன்
02.06.2024

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் நன்றியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறேன். இனி எப்போது கிடைக்குமோ!

தோழனாகச் சித்தப்பாவின் மகன் பார்த்தீபன் நிற்கட்டும். கோபிக்காதீர்கள். கொடிகாமத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நிறைந்து நிற்பார்கள். வீடியோக்காரர் முகத்துக்கு லைற் அடிப்பார்கள். சுதன் பதறிப்போய்ச் செம்பைக் கீழே போட்டு, யாராவது சிரித்துவிட்டால் என்னால் தாங்க ஏலாது. உங்கள் மாப்பிள்ளை தேனுஜனுக்குச் சுதன் நிற்பதுதான் விருப்பம். பயம் எனக்குத்தான். அவனுக்கு நல்ல பட்டுவேட்டி எடுத்துக் கொடுங்கள், முன்வரிசையில் இருக்கட்டும்.

உங்கள் மகள்,
தாரிகா


வல்வெட்டித்துறை
25.06.2024

அன்பு மகளுக்கு,

நீ எழுதியது எனக்கும் சரியாகத்தான் பட்டது. சுதன் தோழன் இல்லை, அவனுக்குப் பக்குவமாக விளக்குங்கள் என்று நிலையத்து வித்தியா ரீச்சரிடம் ஒரு சொல் சொல்லிவைக்க நேற்றுப் போனேன். அங்கே ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்ரோபர் என்ற பெடியன், சின்ன வயதில் சண்டைக் காலத்துச் செல் குண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாதவன், சக்கர நாற்காலியில் தலைப்பாகையோடு இருக்கிறான். காலடியில் தாம்பாளம். உன் தம்பி செம்போடு குந்தியிருக்கிறான். சுற்றிவர ஒரே ஆரவாரம்.

"அக்காவுக்குக் கலியாணம் எண்டு சுதன் வந்து சொன்ன நாளிலை இருந்து பழக்கிறம் ஐயா. தம்பிதானே தோழன்?" என்றா ரீச்சர்.

அவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேறு யோசனையே வரவில்லை, பிள்ளை.

கிறிஸ்ரோபர் என்னைக் கிட்டக் கூப்பிட்டான். "என்ரை காலிலை சூடும் தெரியாது, குளிரும் தெரியாது ஐயா. எண்டாலும் உவன் ஒவ்வொரு நாளும் 'தண்ணி குளிருதோ?' எண்டு கேட்டுத்தான் ஊத்துறான். பிறகு துடைச்சும் விடுறான்."

சொல்லப் போனதைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன். இனி நீ சொல்.

அப்பா


லண்டன்
14.07.2024

அப்பா,

உங்கள் கடிதத்தை ரெயினில் வாசித்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார மனுசி கண்ணைத் துடைக்கக் கடதாசி எடுத்துத் தந்தா.

என் தம்பிதான் தோழன். பார்த்தீபனோடு நானே கதைத்தேன். "தப்பினன் அக்கா" என்று சிரிக்கிறான். நான் நிலையத்துக்குக் காசு அனுப்பினேன், அவ்வளவுதான். சுதனை நம்பியது அவர்கள். ரீச்சருக்கும் கிறிஸ்ரோபருக்கும் நான் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். நிலையத்தில் எல்லோரும் கலியாணத்துக்கு வர வேண்டும். மண்டபத்துப் படியில் சக்கர நாற்காலி ஏறப் பலகை போட்டுவையுங்கள், மறக்காதீர்கள்.

தாரிகா


வல்வெட்டித்துறை
10.09.2024

அன்பு மகளுக்கும் மருமகனுக்கும்,

நீங்கள் போனபிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மாப்பிள்ளை வந்து இறங்கியபோது நீ உள்ளே அறையில் இருந்தாய். வீடியோவிலும் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

சுதன் செம்பைச் சரித்துக் கொஞ்சம் ஊற்றினான். நிறுத்தினான். நிமிர்ந்து பார்த்து, "தண்ணி குளிருதோ?" என்று கேட்டான்.

சனம் சிரித்தது. நீ பயந்த சிரிப்பு வந்தேவிட்டது, மகள். மருமகன் சிரிக்கவில்லை. "ஓம் மச்சான், கொஞ்சம் குளிருது" என்றார். உன் தம்பி அவருடைய இரண்டு காலையும் கையால் பொத்திப் பிடித்தான். பிறகு தோளில் கிடந்த புதுச் சால்வையை எடுத்துத் துடைத்துவிட்டான். பலகையடியில் இருந்து கிறிஸ்ரோபர்தான் முதலில் கைதட்டினான். பிறகு சிரித்த சனமும் தட்டியது, மேளம் எங்கே கேட்டது!

கால் கழுவிய தோழனுக்கு மருமகன் போட்ட மோதிரத்தைச் சுதன் கழற்றமாட்டானாம். குளிக்கும்போதும் அது விரலில்தான். அம்மா பேசிக் களைத்துவிட்டா.

நிலையத்து முற்றத்தில் வெயிலுக்குக் கட்டிய படங்கு கிழிந்து தொங்குகிறது. கப்பலில் படங்கு தைத்த கை இன்னும் மறக்கவில்லை. அந்தச் சனங்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனுக்கு அதையாவது செய்ய வேண்டும். ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு இன்று காலை சுதனோடு நானும் வானில் ஏறினேன். ஊர் என்ன கதைக்கும் என்று இத்தனை வருடம் பயந்தவன், முன் சீற்றில் இருந்து ஊருக்குக் கைகாட்டிக்கொண்டு போனேன்.

அன்புடன்,
அப்பா