கேப்டன் குத்தியிருந்த பதக்கங்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

பட்டாளத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த இரண்டு பதக்கங்களும் இப்போது வீட்டில் இல்லை. ஒன்பது வருடச் சேவைக்கு ஒன்று, இருபது வருடச் சேவைக்கு ஒன்று. "வீரத்துக்குக் குடுத்ததில்ல தாயி, ஓடிப்போகாம நின்னதுக்குக் குடுத்தது" என்று சிரிப்பீர்களே, அவைதான்.

உங்கள் முப்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்த வாரம் ஒருவர் வந்தாராம். உங்களோடு வேலை பார்த்தவர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள் என்றாராம். ஒரு விழாவில் வைத்து மரியாதை செய்யப் பதக்கங்களைக் கேட்டிருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அம்மா எடுத்துக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் திருப்பரங்குன்றத்தில் ஒரு பயிற்சி மையத்தின் விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். என்னிடம் படித்த பையன்கள் சிலர் அங்கே சேர்ந்திருந்தார்கள். பட்டாளத்தில் வேலை உறுதி என்று சொல்லி, எல்லோருடைய அசல் சான்றிதழ்களையும் மையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அதை நடத்துகிறவர் மேடையில் சீருடையோடு நின்றார். கேப்டன் என்று அறிவித்தார்கள். நெஞ்சில் இரண்டு பதக்கங்கள்.

பூங்கொத்து கொடுக்கிற சாக்கில் நெருங்கி, ஒன்றை விரலால் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் உங்கள் நம்பரும் பெயரும்.

"இது எங்கப்பாவோடது."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "எறங்கிப் போங்க டீச்சர். பயலுக பாக்குறாய்ங்க."

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் பேசினார். "டீச்சர் தெனமும் கம்மாக்கரை வழியா நடந்துதான் போறாங்க போல. ஆள் நடமாட்டமே இல்லாத பாதை. பாத்துப் போகச் சொல்லுங்கம்மா." அம்மா கொடுத்த காபியை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"போனது போகட்டும், விட்டுரு தாயி. இப்ப இந்த வீட்டுல நாம ரெண்டு பேருதான்" என்றார் அம்மா.

"பதக்கம் போனாப் போகுதும்மா. அந்தப் பயலுக சர்டிபிகேட்டு? அது இல்லாம எந்த வேலைக்குப் போவானுக?"

அம்மா எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டார்.

நான் போலீசில் புகார் கொடுத்தேன். அவர்கள் போனபோது மையம் பூட்டிக் கிடந்தது. ஆளும் இல்லை, சான்றிதழ்களும் இல்லை. பையன்களைப் பெற்றவர்கள் என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். புகாரில் கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை.

இப்போதெல்லாம் காலையில் எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு பைக் நிற்கிறது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை. நான் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது அதே பைக் அங்கே கேட்டருகில் நிற்கிறது.

எல்லையில் இரவெல்லாம் காவல் நின்றீர்களே, பயத்தை என்ன செய்தீர்கள் அப்பா? அதை மட்டும் நீங்கள் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போவேன். கூட யாரும் வராவிட்டாலும் போவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மகள்,
ஜெசிந்தா