இடது பக்கம் பாடாத ஹெட்போன்

மே 9, வெள்ளி

நாளை மறுநாள் கோலாலம்பூர். அம்மாவின் தம்பி செந்தில் மாமா அங்கே வேலையில் இருக்கிறார், டிக்கெட்டும் அவர் செலவு. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன். அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்ததும் கட்டிக்கொண்டு போகச் சேலை.

"திருநெல்வேலி டவுண்ல கிடைக்காத சேலையாம்மா?" என்று பின்னால் நின்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் வகுப்பு டீச்சர், கேள்வி கேட்பதோடு சரி.

வீட்டில் எல்லோருக்கும் பட்டப்பேர் வைத்தாயிற்று. அப்பா, 'சோதனைச்சாவடி'. எதை வாங்கினாலும் கடையிலேயே ஆட்டி, தட்டி, போட்டுப் பார்க்காமல் பர்ஸ் திறக்காது. மாமா, 'டியூட்டி ஃப்ரீ'. வேலையைத் தவிர எல்லாம் செய்வார். அம்மா, 'குக்கர்'. மூன்று விசில் கணக்காக மூன்று தடவை கூப்பிட்டால்தான் என்னவென்று பார்ப்பாள். அவளுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

மே 12, திங்கள்

மஸ்ஜித் இந்தியா தெரு. துணி, துணி, துணி. ஒரு கடையில் நிற்கும்போதே அடுத்த கடைக்குக் கால் போகிறது. அங்கே போனால் முந்தின கடையே தேவலை என்று தோன்றுகிறது. ஹெட்போன் மட்டும் போதும் என்று வந்த எனக்கு என்னதான் வேண்டும்?

அப்பா ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தார். கடைக்கார அம்மா, "கிழியாது லா" என்றார். எங்கள் ஊரில் லே, இங்கே லா. ஓரெழுத்துக்கு விமானத்தில் வர வேண்டியிருக்கிறது.

தொங்கவிட்டிருந்த உடுப்புகளுக்குள் ஒளிந்துகொண்டு, அம்மாவின் இடது தோளுக்குப் பக்கத்தில் ஹெட்மாஸ்டர் குரலில், "பிரேமலதா டீச்சர், ஏன் லேட்டு?" என்றேன். அவள் சேலையை விரித்தபடியே நின்றாள். சுற்றி வந்து வலது பக்கம் அதையே சொன்னேன். தூக்கிவாரிப் போட்டு, "ஏட்டி, நெஞ்சு நின்னுரும் போல" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்படியானால் முதலில் நடித்தாளா?

மே 13, செவ்வாய்

எலக்ட்ரானிக்ஸ் மால். ஹெட்போன் கிடைத்தது, கறுப்பு, மெத்தென்று. சோதனைச்சாவடி விடுமா? "உங்கம்மா போட்டுப் பாக்கட்டும். டீச்சர் காது. கடைசி பெஞ்சுல பென்சில் விழுந்தாலும் கேக்கும்."

அம்மா மாட்டிக்கொண்டாள். "இடது பக்கம் பாடல."

கடைத் தம்பி வேறு எடுத்தான். அதிலும் இடது பக்கம் பாடவில்லை. அடுத்ததிலும்.

"என்ன தம்பி, எல்லாமே சொத்தையா வச்சிருக்கிய?"

அவன் தானே மாட்டிப் பார்த்தான். "ரெண்டு பக்கமும் வருது லா, அங்கிள்."

"அப்ப எங்க வீட்டம்மா பொய் சொல்லுதாளா?"

அப்பா சத்தம் போட்டதில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு. ஹெட்போனை வாங்கி, இடம் வலம் மாற்றி அம்மா தலையில் கவிழ்த்தேன். "இப்ப வலதுதான பாடாது, யம்மா?"

"இல்ல. இப்பவும் இடதுதான்" என்றாள்.

சொன்ன பிறகுதான் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது அவளுக்குப் புரிந்தது. என்னைப் பார்த்தாள். சட்டென்று துணிப்பையைக் குனிந்து எடுத்தாள்.

அப்பா கவனிக்கவில்லை. கோபத்தில் முன்னே போய்விட்டார். ஹெட்போன் வாங்கவில்லை. அதைப் பற்றி நினைக்கக்கூட முடியவில்லை.

மாமாவிடம் அப்பா எல்லாவற்றையும் கொட்டினார். மாமா, "அந்தக் கடை முதலாளி நம்ம ஆளுதான் மச்சான். நாளன்னைக்கு ஊர்ல இருந்து வாராரு. அந்தப் பயலை வேலையை விட்டே தூக்கச் சொல்லுதேன்" என்றார்.

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து வழிந்தது.

மே 14, புதன்

மின்ரயிலில் அம்மாவின் வலது பக்கம் உட்கார்ந்தேன்.

"எப்ப இருந்தும்மா?"

"தை மாசக் காய்ச்சலுக்குப் பொறவு. பைய பையக் கொறஞ்சிட்டு. தூரத்துல யாரோ பேசுத மாதிரி இருக்கு."

"ஏன் சொல்லல?"

"பள்ளிக்கூடத்துல பிள்ளையளுக்குத் தெரிஞ்சா இடது பக்கமா உக்காந்து ஆட்டம் போடும். அதுகூடப் போவட்டும்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். "நீ பேரு வச்சிருவ."

வைத்தாயிற்றே. அதுவும் சரியான பேராக.

"அப்பாகிட்ட மூச்சு விடாத" என்றாள். சரி என்றேன். ஆனால் அந்தத் தம்பி? நாளைக்கு முதலாளி வந்துவிடுவார். மாமா வீட்டு லிஃப்டில் காரணமில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை - நான் சொன்னால் அம்மாவுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் அந்தத் தம்பிக்கு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

மே 15, வியாழன்

காலைச் சாப்பாடு. மாமா போனைக் கையில் எடுத்தார். நான் அம்மாவையே பார்த்தேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தம்பி, போன் பண்ணாத. கடைக்காரன்மேல தப்பில்ல. கோளாறு என் காதுல."

அப்பா, "எந்தக் காது?" என்றார். அப்புறம், "அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?" என்றார். தோசையைப் பாதியில் விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடையில் அந்தத் தம்பி எங்களைப் பார்த்ததும் மேஜைக்குப் பின்னால் ஓரடி நகர்ந்தான். அப்பா கும்பிட்டார். "எங்க பக்கம்தான் தப்பு, தம்பி. மனசுல வச்சுக்கிடாத." அந்தக் கறுப்பு ஹெட்போனைக் கேட்டார். அவன் பெட்டியைப் பிரிக்கப் போனான்.

"பிரிக்காண்டாம். அப்படியே குடு."

சோதனைச்சாவடி ஒரு பொருளைத் தட்டாமல், ஆட்டாமல் வாங்கியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எனக்குப் பயமாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

ஊர். வெயில். ஹெட்போன் பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை. எல்லோரும் "என்ன வாங்கிட்டு வந்திய?" என்கிறார்கள். அப்பா தெருவில் அம்மாவின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறி மாறி நடக்கிறார். எந்தப் பக்கம் என்று மறந்துவிடுகிறதாம்.

ஜூன் 14, சனி

பாளையங்கோட்டை டாக்டர் எழுதிக் கொடுத்த காது மெஷின் வந்துவிட்டது. அவரை விதை அளவுதான். அம்மா கண்ணாடி முன் நின்று முடியை இழுத்து மறைத்தாள். பிறகு காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். திரும்ப மறைத்தாள். கடைசியில், கோலாலம்பூர் சேலையில் பின் குத்துகிற மாதிரி, முடியை ஒதுக்கிக் கிளிப் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, இடது பக்கமா நின்னு ஏதாவது சொல்லு. பைய."

நின்றேன். எவ்வளவோ யோசித்தேன், வாயில் வந்தது அதுதான்.

"குக்கர்."

கண்ணாடிக்குள் அம்மா முகம் அசையவில்லை. கேட்கவில்லை போல. நல்லவேளை.

"ஏட்டி, எத்தனை விசிலுக்கு?" என்றாள்.

"இதுவரைக்கும் மூணு. இனிமே ஒண்ணு போதும்மா."