அனுப்பாமல் வைத்த ஒன்பது உறைகள்

என் செல்லத் தம்பி செந்திலுக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. குவெம்பு நகரில் நீயும் நண்பர்களும் வாடகைக்கு எடுத்திருந்த ஆய்வகத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால், போன வாரம்தான் உன் மேசையைத் திறந்தேன். அதுவரை எனக்குத் துணிவு வரவில்லை.

நீ வடிவமைத்த டிஎன்ஏ வரிசைகளை யார் கேட்டாலும் கொடுத்துவிடுவாய். வடிதாளில் டிஎன்ஏ கரைசலை ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் இடம் தெரியப் பென்சிலால் கோணல் வட்டம் போட்டு, சாதாரணத் தபாலில் அனுப்புவாய். நிபந்தனை என்று கூட ஒரு வரி இருக்காது. காப்புரிமை விண்ணப்பம் எழுதியே பிழைக்கும் நான் ஒவ்வொரு முறையும் உன்னைத் திட்டுவேன்.

போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால் நிறம் மாறிக் காட்டும் வரிசையை நீ முடித்தபோது குறுக்கே வந்து நின்றேன்.

"எவனாவது ரெண்டு எழுத்த மாத்தித் தன் பேர்ல போட்டுக்குவான்டா. ஒரு மாசம் பொறு. பேட்டன்ட் போட்டுட்டு அப்புறம் குடு."

வழக்கமாக "ஹௌதா மேடம்", அப்படியா மேடம் என்று கன்னடத்தில் கிண்டலடிப்பவன், அன்று சரிக்கா என்றாய். அந்த மாதம் முடிவதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

பிறகு ஒரு நிறுவனம் அந்த வரிசையின் முழு உரிமையும் கேட்டு வந்தது. வாரிசு என்பதால் கையெழுத்து அம்மாவுடையது. காப்புரிமைச் சான்றிதழில் உன் பெயர் வருமே என்று எனக்கும் ஆசை. விண்ணப்பத்தைத் தயாராகவே வைத்திருந்தேன்.

உன் மேசைக்குள் ஒன்பது உறைகள் இருந்தன. விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, உள்ளே அந்த ஃப்ளோரைடு வரிசையின் வடிதாளும் வைத்திருந்தாய். குண்டலுபேட்டை கல்லூரி ஆசிரியை ஒருவருக்கும் ஒன்று. மேலே கன்னடத்தில் உன் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு: அக்கா சரி என்றதும் அனுப்ப வேண்டும்.

நான் சரி என்று சொல்லவே இல்லையே, செந்தில்?

அம்மாவுக்குக் கன்னடம் படிக்க வராது. படித்துக் காட்டினேன். நெடுநேரம் உறைகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"குடுக்கறதுக்குன்னு அவன் எடுத்து வெச்சத நாம எதுக்கு வெச்சுக்கோணும்? அனுப்பிச்சுப் போடு கண்ணு."

நிறுவனத்துக்கு இல்லை என்று எழுதிவிட்டு, வரிசையை இணையத்தில் வெளியிட்டேன். கூடவே ஒரு பக்கத் திறந்த உரிமம் எழுதினேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஆக்கியவன் பெயரைச் சொன்னால் போதும். அம்மா மெதுவாகக் கையெழுத்திட்டாள். பலரறிய வெளியிட்டதை இனி யாரும் புதிதென்று தன் பெயரில் பதிய முடியாது. இந்த வழி அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் உன்னைக் காக்க வைத்தேன். சான்றிதழை மாட்ட வீட்டுச் சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன், தெரியுமா?

உன் வடிதாளோடு என் உரிமக் காகிதத்தையும் மடித்து வைத்து உறைகளை ஒட்டினேன். சரஸ்வதிபுரம் தபால் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போடும்போது "சரி" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒன்பது தடவையும் சொன்னேன்.

இனி யார் கேட்டு எழுதினாலும் அன்றைக்கே அனுப்ப ஏற்பாடு செய்வேன். உன் நண்பர்கள் சொட்டு விடட்டும். வட்டம் நான் போடுகிறேன், கோணலாகவே.

தாமதமாகச் சரி சொன்ன
உன் அக்கா,
கோமதி