ஹெல்மெட் தொப்பி அல்ல

நவுனிவி கல்குவாரி
5 மார்ச் 1996

அன்புள்ள லித்தியா,

நேற்று நம் குவாரியின் வரலாற்றில் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. மேலாளரும் சங்கச் செயலாளரும் ஊர்ப் பெரியவர்களும் காலையிலிருந்து யங்கோனா வேர்ப்பானம் குடித்து, ஹெல்மெட் என்பது தொப்பி அல்ல என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். ஆகவே ஊர்த் தலைவர் முன்னால் அதைக் கழற்ற வேண்டியதில்லை. ஜெபத்துடன் கூட்டம் முடிந்தது.

இன்று காலை தலைவர் ராத்து இலியேசா வழக்கம்போல் குவாரி வழியாகத் தம் கிழங்குத் தோட்டத்துக்கு நடந்தார். பாறைக்கடியில் நின்ற அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு குந்தினார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர்தான் முதலில் கழற்றினார்.

நான் கழற்றவில்லை. பாதுகாப்பு மேஸ்திரிக்குச் சம்பளமே அதற்குத்தான். அலுப்பாக இருக்கிறது. பிள்ளைகள் சுகமா?

உன்
விலிகேசா

சுவா
13 மார்ச் 1996

அன்புள்ள உங்களுக்கு,

பிள்ளைகள் சுகம். பெரியவனுக்குச் செருப்பு பற்றவில்லை. நீங்கள் கேட்கவே இல்லை.

உங்கள் அக்கா போன் செய்தார். "ராத்து முன்னாடி தலையில மாட்டிக்கிட்டு நிக்கிறானாமே, அதென்ன கிரீடமா?" என்றார். "இல்ல அண்ணி, உள்ள மண்டை இருக்கு," என்றேன். வைத்துவிட்டார்.

யார் வருகிறார் என்று பார்த்துக் கல் விழாது. ஆற்றோரமாகப் போகும்படி ராத்துவிடமே யாராவது சொன்னால் என்ன?

லித்தியா

நவுனிவி
23 மார்ச் 1996

அன்புள்ள லித்தியா,

தலைவருக்கு வழி சொல்வதா! அவரிடம் எதையும் அவருடைய பேச்சாளர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சாளர் இங்கே லாரி ஓட்டுகிறார். "நீயே சொல்லேன் விலி. உனக்குத்தான் ஏற்கெனவே பேரு கெட்டுப்போச்சே," என்கிறார்.

கோயிலில் என் பக்கத்தில் ஒருவரும் உட்காருவதில்லை. யங்கோனா கிண்ணம் என்னைத் தாண்டிப் போகிறது. கழற்றினால் வேலை போகும். கழற்றாவிட்டால் ஊர் போகும். களைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை கழற்றிவிடப் போகிறேன். அவர் கடந்துபோக எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஈஸ்டருக்கு வருகிறேன். செருப்பு அளவு எழுது.

விலிகேசா

நவுனிவி
2 ஏப்ரல் 1996

அன்புள்ள உங்களுக்கு,

கண்கட்டு அவிழும்வரை நர்ஸ் இதைப் படித்துக் காட்டுவாள். பேச முயல வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கேளுங்கள்.

உங்கள் சாமான்களை எடுக்க வந்தேன். கல் விழுந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். முதல் கிண்ணத்தை உங்கள் பெயரைச் சொல்லி ஊற்றுகிறார்கள்.

ராத்து முன்னால் உட்கார்ந்து நானே கேட்டுவிட்டேன். "எனக்கு ஆத்தோரந்தாம்மா கிட்ட. நான் வரலைன்னா பையங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் குவாரி வழியாப் போனேன்," என்றார். கல் விழுந்த மறுநாளிலிருந்து ஆற்றோரமாகப் போகிறார்.

உங்கள் ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தார்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

லித்தியா