குன்றின் மேல் அணைந்த போன்

அன்புள்ள அம்மாவுக்கு சர்தானா எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இன்னும் உறைந்த லேனா ஆற்றின் மேல்தான் வண்டி ஓட்டுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குக் கொடுத்த அறையில் அடுப்பு நன்றாக எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சு பாதியில் நின்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இங்கே குன்றின் மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அன்று மைனஸ் ஐம்பது டிகிரி குளிர். "இரு, அப்பா பேசணுங்கறார்" என்று நீ சொன்னதும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். நான் இவ்வளவு தூரம் வேலைக்குக் கிளம்பியது பிடிக்காமல் அன்றிலிருந்து என்னோடு பேசாதவர். "சர்தானா" என்றார். அதற்குள் குளிரில் போன் அணைந்துவிட்டது.

அக்குளில் வைத்துச் சூடாக்கி, கையுறையைக் கழற்றி, திரும்ப அழைத்தேன். மணி அடிப்பதற்குள் மறுபடி அணைந்தது. விடாமல் அதையே செய்துகொண்டிருந்தேன். விறகு ஏற்றி வந்த பக்கத்து வீட்டு அகுலினா அக்கா பார்த்துவிட்டாள்.

"வெரலெல்லாம் வெளுத்துப்போச்சு, இன்னும் என்னடி போனு? நர்சுக்கு நான் வைத்தியம் பாக்கணுமா?" என்று திட்டியபடியே என் கைகளைத் தன் கோட்டுக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். யாராவது என் கையைப் பிடித்து எத்தனையோ நாளாகிறது.

பயப்படாதே, இரண்டு விரலில் தோல் உரிந்ததோடு சரி. முயல்தோல் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. கோட்டுக்குள் போனுக்குப் பை தைக்கக் கெட்டி நூலும் வேண்டும்.

நானாகப் போனைத் துண்டிக்கவில்லை என்று அப்பாவிடம் சொல். அவர் என்ன சொல்ல வந்தார் என்று உனக்குத் தெரிந்தாலும் எழுதாதே, அவரே சொல்லட்டும். ஒவ்வொரு ஞாயிறு மதியமும் குன்றில் நிற்பேன். நான் கூப்பிடும்போது அவரையே எடுக்கச் சொல்.

தபால் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கிறது, ஓடுகிறேன்.

சர்தானா